கடை வாடகைக்கு, கழிவறை யாருக்கு? – ஒரு சட்ட வரலாறு

தாம்பரத்தில் இருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் தாண்டினால் செம்பாக்கம் வருகிறது. இரண்டு தலைமுறைக்கு முன் ஏரியும் வயலும் சூழ்ந்த கிராமம் அது. இன்று சாலையின் இரண்டு பக்கமும் இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டடங்கள். கீழே மெடிக்கல் ஷாப், ஜெராக்ஸ் கடை, மொபைல் கடை. மேலே டெய்லர், டியூஷன் சென்டர், பல் டாக்டர். ஐந்தாறு கடைகளுக்குச் சேர்த்து ஒரு போர்வெல், ஒரு மோட்டார், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கழிவறை, ஒரு செப்டிக் டேங்க், ஒரு மாடிப்படி. தென் சென்னைப் புறநகர் முழுவதும் காணப்படும் அமைப்பு இதுதான்.

இந்தக் கட்டடங்களில் சண்டை வருவது பெரும்பாலும் கடைக்கு உள்ளே இல்லை, வெளியே. மோட்டார் எரிந்து போகும். செப்டிக் டேங்க் நிரம்பி வழியும். படிக்கட்டில் விளக்கு எரியாது. கடைக்காரர் சொன்னால் உரிமையாளர் "பார்க்கலாம்" என்பார். மாதங்கள் ஓடும். பக்கத்து பெட்ரோல் பங்கிலோ ஹோட்டலிலோ கழிவறையைக் கேட்டுப் போக வேண்டிய நிலை, கடையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு.

கடைக்குள் இருக்கும் நாலு சுவருக்கு வாடகை கொடுக்கப்படுகிறது. அப்படியானால் எல்லோருக்கும் பொதுவான வசதிகளைப் பராமரிப்பது யார் பொறுப்பு? கேள்வி சின்னதுதான். ஆனால் இதற்கு நம் நாட்டுச் சட்டம் பதில் சொல்ல 130 வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

1882: எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை

இந்தியாவில் வாடகை, குத்தகை பற்றிய அடிப்படைச் சட்டம் 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டம். ஆங்கிலேயர் காலத்தில் வந்து இன்றும் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. இதன் 108-வது பிரிவு உரிமையாளரின் கடமைகளையும் வாடகைதாரரின் கடமைகளையும் வரிசையாகச் சொல்கிறது.

வாடகைதாரர் எந்த இடையூறும் இல்லாமல் இடத்தை அனுபவிக்கலாம். உரிமையாளர் தான் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரை, நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், வாடகைதாரரே செய்து, ஆன செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக் கொள்ளலாம். படிக்க மிக நன்றாக இருக்கிறது!

ஆனால் "கடமைப்பட்ட ரிப்பேர்" என்ற சொல்லில்தான் சிக்கல். உரிமையாளருக்கு எந்த ரிப்பேர் கடமை என்று அந்தச் சட்டம் பட்டியல் போடவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கடமை; எழுதாவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. அது மட்டுமல்ல, இந்தப் பிரிவே "ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லப்படாத வரை" என்றுதான் தொடங்குகிறது. பேரம் பேசும் வலிமை உள்ளவர் எழுதுவதுதான் சட்டம் என்றாகிவிட்டது.

இன்னொன்றும் அதில் உண்டு. தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் இடத்தின் முக்கியப் பகுதி முழுவதும் அழிந்தாலோ, நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ, வாடகைதாரர் குத்தகையை முடித்துக் கொள்ளலாம். இதில் "நிரந்தரமாக" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரம் பகுதியில் எத்தனையோ கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு திறக்க முடிகிற கடைக்கு இந்தப் பிரிவு உதவாது. 2020 கொரோனா ஊரடங்கின்போது டெல்லி கான் மார்க்கெட் கடை ஒன்றின் வாடகைதாரர்கள் வாடகையை நிறுத்தி வைக்கக் கேட்டபோது, டெல்லி உயர் நீதிமன்றமும் தற்காலிகமாகக் கடையைப் பயன்படுத்த முடியாதது இந்தப் பிரிவுக்குள் வராது என்று சொல்லிவிட்டது.

யுத்தம் கொண்டு வந்த வாடகைக் கட்டுப்பாடு

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. கட்டுமானப் பொருள் கிடைக்கவில்லை, புது வீடுகள் எழும்பவில்லை, நகரத்தில் ஜனத்தொகை கூடியது. வாடகை ஏறியது. 1941-ல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. அடுத்த வருடம் கிடங்குகளுக்கு ஒரு உத்தரவு வந்தது. 1945-ல் குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்குத் தனி உத்தரவு வந்தது. அதாவது முதலில் வீடு, பிறகு கிடங்கு, அதன் பிறகே கடை!

யுத்தம் முடிந்தது, வீட்டுப் பஞ்சம் முடியவில்லை. எனவே 1946-ல் இது சட்டமாக மாறியது. 1949-ல் புதிய சட்டம். பிறகு 1960-ம் வருடம் சென்னைக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் வந்தது. இதில் வீடு, கடை இரண்டும் அடங்கும். 2019 வரை, ஏறத்தாழ அறுபது வருடம், தமிழ்நாட்டு வாடகைதாரர்களின் கவசமாக இருந்தது இந்தச் சட்டம்தான்.

இங்கே புறநகருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்தச் சட்டம் சென்னை, மதுரை நகரங்களுக்கும் எல்லா நகராட்சிகளுக்கும் நேரடியாகப் பொருந்தும். மற்ற ஊர்களுக்கு வேண்டுமானால் அரசு அறிவிக்கை வெளியிட்டு விரிவாக்க வேண்டும். ஒரே சாலையில் நகராட்சி எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்த கடைக்குச் சட்டம் தானாகவே வந்தது. அந்தப் பக்கம் ஊராட்சியில் இருந்த கடைக்கு அப்படி வரவில்லை. ஊராட்சியாக இருந்து படிப்படியாக நகராட்சியாகி, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த செம்பாக்கம் போன்ற ஊர்களில் இந்த எல்லைக் கோடு பெரிய விஷயம்.

சட்டத்தில் இருந்த மோட்டார்

1960-ம் வருடச் சட்டத்தைப் பலரும் "வாடகையை ஏற்றக் கூடாது, காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற சட்டம்" என்றே நினைக்கிறார்கள். பொது வசதிகளைப் பற்றியும் அதில் நிறைய இருந்தது.

முதலில் நியாய வாடகை. 1973 திருத்தத்துக்குப் பிறகு, மனையின் சந்தை மதிப்பு, கட்டடச் செலவு, வசதிகளின் செலவு எல்லாவற்றையும் கூட்டி, வீடுகளுக்கு வருடம் 9 சதவிகிதமும் கடை போன்ற குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு 12 சதவிகிதமும் வாடகையாக நிர்ணயிக்கப்பட்டது. இதில் வசதிகள் என்றால் என்ன? சட்டத்தின் முதல் அட்டவணையில் பட்டியலே இருந்தது. லிப்ட், சுற்றுச்சுவர், தோட்டம், மொசைக் தரை, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, தண்ணீருக்கான மின்சார மோட்டார் பம்ப்... இப்படி நீளும் அது. வீடுகளுக்கு இந்த வசதிகளின் மதிப்பை 15 சதவிகிதம் வரையிலும், கடைகளுக்கு 25 சதவிகிதம் வரையிலும் கணக்கில் சேர்க்கலாம்.

இதன் பொருள் என்ன? மோட்டாருக்கும் தொட்டிக்கும் சேர்த்துத்தான் வாடகை. கடைக்காரர் அவற்றை இனாமாக அனுபவிக்கவில்லை. மேலும், நியாய வாடகை நிர்ணயித்த பிறகு வசதிகள் குறைந்தால் வாடகையைக் குறைக்கக் கேட்கவும் வாடகைதாரருக்கு உரிமை இருந்தது.

இரண்டாவது, 17-வது பிரிவு. தகுந்த காரணம் இல்லாமல் வாடகைதாரர் அனுபவித்து வரும் எந்த வசதியையும் உரிமையாளர் துண்டிக்கவோ நிறுத்தி வைக்கவோ கூடாது. செய்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு செய்யலாம்.

மூன்றாவது, 22-வது பிரிவு. நோட்டீஸ் கொடுத்தும் தேவையான ரிப்பேரை உரிமையாளர் செய்யாவிட்டால், அதிகாரியின் அனுமதியோடு வாடகைதாரரே செய்து வாடகையில் கழித்துக் கொள்ளலாம். 1882-ம் வருடச் சட்டத்தைப் போல ஒப்பந்தத்தைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. இது பெரிய முன்னேற்றம்.

இருந்தும் ஏன் உதவவில்லை?

மூன்று ஓட்டைகள் இருந்தன.

முதல் ஓட்டை, "துண்டிப்பது" வேறு, "கவனிக்காமல் விடுவது" வேறு. கோபத்தில் ஃபியூஸைப் பிடுங்கிக் கொண்டு போகும் உரிமையாளர் 17-வது பிரிவில் எளிதாக மாட்டுவார். ஆனால் எரிந்த மோட்டாரைச் சரி செய்யாமல் சும்மா இருப்பவர்? "நான் எதையும் துண்டிக்கவில்லையே, தானாகத்தானே கெட்டுப் போனது" என்று அவர் வாதாட இடம் இருந்தது. புறநகர்க் கட்டடங்களில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

இரண்டாவது ஓட்டை, பண வரம்பு. 22-வது பிரிவின் கீழ் ஒரு வருடத்தில் கழிக்கக் கூடிய தொகை அந்த வருட வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எளிமையாகச் சொன்னால் ஒரு மாத வாடகை. மாதம் 5000 ரூபாய் கொடுக்கும் கடைக்காரர் வருடத்துக்கு 5000 ரூபாய் வரைதான் கழிக்க முடியும். குழாய் மாற்றலாம், சுவரைப் பூசலாம். ஐந்து கடைகளுக்கான செப்டிக் டேங்கைப் புதிதாகக் கட்ட முடியுமா? ஐந்து பேரும் சேர்ந்து மனு செய்தால் ஒருவேளை முடியும். ஆனால் அதில் ஒருவர் உரிமையாளரின் சொந்தக்காரர், இன்னொருவர் அடுத்த மாதம் காலி செய்யப் போகிறவர் என்றால்? பொது வசதி எல்லோருக்கும் சொந்தம் என்பதாலேயே அதற்காக முன்னால் வர ஆள் இல்லை.

மூன்றாவது ஓட்டைதான் மிக ஆபத்தானது. கோபத்தில் வாடகையை நிறுத்துவது! "தண்ணீர் வரும் வரை வாடகை கிடையாது" என்று சொல்வது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது 10-வது பிரிவின் கீழ் காலி செய்ய வைக்கும் காரணம். நியாயம் கேட்கப் போனவர் கடையையே இழக்கும் நிலை. உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால்கூட, வங்கிக் கணக்கைக் கேட்டு நோட்டீஸ், பிறகு மணியார்டர், அதன் பிறகு அதிகாரியிடம் டெபாசிட் என்று 8-வது பிரிவு ஒரு வழியை வைத்திருந்தது. அந்த வழியில் போனவர் பிழைத்தார். வாய்ச் சண்டையில் நின்றவர் சிக்கலில் மாட்டினார்.

கட்டடம் பாழானால் யாருக்கு லாபம்?

உரிமையாளர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பழைய வாடகையிலேயே பல வருடங்கள் ஓடிய கட்டடங்கள் ஏராளம். சொத்து வரி ஏறும், கொத்தனார் கூலி ஏறும், வாடகை ஏறாது. நியாய வாடகை மனு போட்டால் வழக்கு வருடக் கணக்கில் இழுக்கும். "வருகிற வாடகையில் வெள்ளை அடிக்கக்கூட முடியவில்லை" என்ற புலம்பலில் உண்மை இருந்தது. வாடகைக் கட்டுப்பாடு உள்ள நகரங்களில் பழைய கட்டடங்கள் பராமரிப்பு இல்லாமல் பாழாவது பம்பாயில் இருந்து நியூயார்க் வரை பேசப்பட்ட விஷயம்.

ஆனால் இதற்கு இன்னொரு முகமும் இருந்தது. 1960-ம் வருடச் சட்டத்தின் 14-வது பிரிவின்படி, இடித்துக் கட்டுவதற்காக உரிமையாளர் கட்டடத்தைத் திரும்பக் கேட்கலாம். அப்படியானால் கட்டடம் எவ்வளவு பாழாகிறதோ அவ்வளவு உரிமையாளருக்கு வசதி! ரிப்பேர் செய்யாமல் விடுவதே காலி செய்ய வைக்கும் வழியாக ஆகிவிடும் அல்லவா?

இந்தப் பிரிவு பற்றிய புகழ் பெற்ற வழக்கு சென்னையில் இருந்தே போனது. கடிகார வியாபாரத்தில் பெயர் பெற்ற பி.ஓர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வாடகைதாரராக இருந்த இடத்தை, இடித்துக் கட்டுவதற்காக உரிமையாளர் நிறுவனம் கேட்டது. கட்டடத்தின் நிலைமையைப் பார்க்காமல், இடிக்க விருப்பம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துக் காலி செய்யச் சொல்ல முடியாது என்று வாடகைதாரருக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996-ல் அதே நீதிமன்றம் இந்தக் கருத்தை மறுபடி ஆராய்ந்து, கட்டடம் இடிந்து விழும் நிலையில்தான் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்றது. உரிமையாளரின் உண்மையான நோக்கம், கட்டடத்தின் வயது மற்றும் நிலை, கட்டுவதற்கான பண வசதி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று விளக்கியது.

1986-ல் வந்த இன்னொரு தீர்ப்பும் கவனிக்கத் தக்கது. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீடுகளுக்கு 1960-ம் வருடச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்று 30-வது பிரிவு சொன்னது. கடைகளுக்கு அந்த வரம்பு இல்லை. இந்த வேறுபாடு நியாயமற்றது என்று உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. அதாவது ஒரு காலகட்டத்தில் தமிழ்நாட்டில் வீட்டு வாடகைதாரரை விடக் கடை வாடகைதாரருக்கே பாதுகாப்பு அதிகம் இருந்தது!

லிவர்பூல் மாடிப்படி

இதே பிரச்சினை இங்கிலாந்தில் எப்படித் தீர்ந்தது என்று பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். லிவர்பூல் நகராட்சி கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் லிப்ட் அடிக்கடி நின்றது, படிக்கட்டில் விளக்கில்லை, குப்பைக் குழாய் அடைத்துக் கொண்டது. குடியிருந்தவர்கள் வாடகையை நிறுத்தினார்கள். நகராட்சி வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தில் வாடகைதாரர் செய்யக் கூடாதவை மட்டுமே இருந்தன. நகராட்சியின் கடமை பற்றி ஒரு வரிகூட இல்லை.

1976-ல் பிரபுக்கள் சபை ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. மேல் மாடியில் இருப்பவருக்குப் படியும் லிப்டும் இல்லாமல் வீடே இல்லை. எனவே ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும், பொதுப் பகுதிகளை நல்ல நிலையில் வைக்க நியாயமான அக்கறை காட்டும் கடமை உரிமையாளருக்கு உண்டு என்றது. ஆனால் அந்த வழக்கில் நகராட்சி அந்த அக்கறையைக் காட்டவில்லை என்பது நிரூபிக்கப்படவில்லை என்றும் சொல்லிவிட்டது. கொள்கை ஜெயித்தது, குடியிருந்தவர்கள் தோற்றார்கள்! கெட்டுப் போனதைக் காட்டினால் மட்டும் போதாது, உரிமையாளர் அலட்சியமாக இருந்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்பது இதில் இருந்து கிடைக்கும் பாடம்.

2017: முதல் முறையாகப் "பொது வசதி"

தமிழ்நாட்டில் 1960-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் ரத்தானது. நியாய வாடகை போனது. இரண்டு பேரும் ஒத்துக் கொள்வதே வாடகை.

ஆனால் பொது வசதி விஷயத்தில் புதிய சட்டம் பழையதை விடத் தெளிவானது. வாடகைதாரர்கள் பகிர்ந்து கொள்ளும் பொது வசதிகளை யார் பராமரிப்பது, யார் ரிப்பேர் செய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே குறிப்பிட வேண்டும் என்கிறது 15-வது பிரிவு. இரண்டாவது அட்டவணையில் வேலைகள் பிரிக்கப்பட்டுள்ளன. கட்டடத்தின் கட்டமைப்பு ரிப்பேர், வெள்ளை அடித்தல், குழாய் மாற்றுதல், வயரிங் எல்லாம் உரிமையாளருக்கு. டேப் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு நீக்குதல் போன்றவை வாடகைதாரருக்கு. உரிமையாளர் தன் பங்கைச் செய்ய மறுத்தால் வாடகைதாரர் செய்து கழித்துக் கொள்ளலாம். மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் இதற்கு உச்ச வரம்பு மாதா மாதம் வாடகையில் பாதி. பழைய "வருடத்துக்கு ஒரு மாத வாடகை" என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

அத்தியாவசிய சேவைகளை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது 20-வது பிரிவு. தண்ணீர், மின்சாரம், நடைபாதை மற்றும் படிக்கட்டு விளக்கு, லிப்ட், சுகாதார வசதி எல்லாம் இதில் வருகின்றன. மனு செய்தால் இடைக்கால உத்தரவும் கிடைக்கும். மின்சாரத்துக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, உரிமையாளர் மட்டுமல்ல, இடத்தில் இருப்பவர் கேட்டாலும் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்ற காரணத்துக்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

இதில் ஒரு பெரிய "ஆனால்" இருக்கிறது. புதிய சட்டம் முழுவதும் எழுத்து ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறது. ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்பதே காலி செய்ய வைக்க ஒரு காரணமாகவும் இருக்கிறது! வாய் வார்த்தையில் அட்வான்ஸ் கொடுத்து, பத்திரத்தில் பதினோரு மாதம் என்று எழுதி, அதையும் புதுப்பிக்காமல் பத்து வருடம் கடை நடத்துவதுதான் புறநகர் வழக்கம். அப்படிப்பட்ட பத்திரத்தில் வாடகை, அட்வான்ஸ், காலி செய்யும் நோட்டீஸ் எல்லாம் இருக்கும். மோட்டார், செப்டிக் டேங்க், கழிவறை பற்றி ஒரு வரி இருக்காது. பழைய சட்டத்தில் ஒப்பந்தம் இல்லாதவரையும் சட்டம் காப்பாற்றியது. புதிய சட்டத்தில் ஒப்பந்தத்தில் எழுதிக் கொண்டவரையே சட்டம் காப்பாற்றும்.

முடிவாக

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒரு வட்டம் தெரிகிறது. 1882-ல் ஒப்பந்தமே எல்லாம். 1941 முதல் 2019 வரை ஒப்பந்தத்தை மீறி அரசு குறுக்கே நின்றது. இப்போது மறுபடி ஒப்பந்தம். வித்தியாசம் என்னவென்றால், அந்த ஒப்பந்தத்தில் பொது வசதிகளைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று இப்போது சட்டம் சொல்கிறது.

ஆகவே இன்று கடை வாடகைக்கு எடுப்பவர் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. தண்ணீர், கழிவறை, செப்டிக் டேங்க், படிக்கட்டு விளக்கு, மோட்டாரின் கரண்ட் பில் என்று ஐந்து வரிகளை ஒப்பந்தத்தில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். அதைப் பதிவு செய்ய வேண்டும். கெட்டுப் போனால் போனில் சொல்வதோடு நிற்காமல் எழுத்தில் கொடுக்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. என்ன கோபம் இருந்தாலும் வாடகையை நிறுத்தக் கூடாது. வாங்க மறுத்தால் அனுப்பியதற்கான ரசீதை வைத்திருக்க வேண்டும்.

உரிமையாளருக்கும் இதில் நஷ்டம் இல்லை. பொறுப்பு எழுத்தில் இருந்தால் அதற்கான செலவையும் வாடகையில் முதலிலேயே பேசிக் கொள்ளலாம். மேல் மாடியில் தையல் மிஷினுக்கு முன்னால் பத்து மணி நேரம் உட்காரும் ஒரு பெண்ணுக்கு, கதவுக்குத் தாழ்ப்பாளும் குழாயில் தண்ணீரும் உள்ள ஒரு கழிவறை கிடைக்குமா கிடைக்காதா என்பது, கடைசியில் அந்த ஐந்து வரிகளில்தான் இருக்கிறது.